ஔவையார் ஏன் கிடைக்கவில்லை? நூலகத்தின் புதிய கணினி முறையும் பேராசிரியரும்

கேள்வி: நான் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்த்துறை இணைப்பேராசிரியர். பணியில் இருபத்திரண்டு ஆண்டு ஆகிறது. ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டு. இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் நூலகத்தை முழுக்க மாற்றிவிட்டார்கள். அட்டைப் பட்டியல் பெட்டிகள் போய், கோஹா என்ற கணினிப் பட்டியல் வந்திருக்கிறது. நூல் எடுக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆய்விதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்கிறார்கள். அறுபது பேரை உட்காரவைத்து மூன்று மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள்; எதுவும் மனதில் நிற்கவில்லை. 'ஔவையார்' என்று தேடினால் முடிவு இல்லை என்று வருகிறது. அந்த நூல்கள் அலமாரியில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் கட்டுரையைத் திறந்தால் டாலரில் விலை கேட்கிறது. கடைசியில் கடவுச்சொல்லை என் ஆய்வு மாணவரிடம் கொடுத்துவிட்டேன். அவர்தான் எல்லாம் எடுத்துத் தருகிறார். இன்னொரு மாணவியின் ஆய்வேட்டுக்குக் கருத்துத் திருட்டுச் சோதனையில் ஒப்புமை 38 விழுக்காடு என்று வந்து இருவரும் கலங்கிப் போயிருக்கிறோம். இனிமேல் எனக்கு இதெல்லாம் வருமா? எங்கே தொடங்குவது?

பேராசிரியை, தென் மாவட்டம்

பதில்:

அம்மா, வணக்கம்.

ஔவையாரிலிருந்தே தொடங்குவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். நீங்கள் தேடிய விதம் சரி. பிழை பட்டியலில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சோதனை செய்து பாருங்கள். தேடல் பெட்டியில் முதலில் 'ஔ' என்ற ஒற்றை எழுத்தால் 'ஔவை' என்று அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் இசட் விசையை அழுத்தினால் ஔகாரம் விழும். வந்த முடிவைக் குறித்துக்கொண்டு பெட்டியைத் துடைத்துவிட்டு, 'ஒ' ஒன்று, 'ள' ஒன்று என்று இரண்டு எழுத்தாக 'ஒளவை' என்று அடியுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு முதலாவது இரண்டெழுத்துச் சொல், இரண்டாவது மூன்றெழுத்துச் சொல். காணாமல் போன உங்கள் நூல்கள் பெரும்பாலும் இரண்டாவதில் வந்து நிற்கும்.

இது எப்படி நேர்கிறது என்று தெரிந்தால் மற்றப் பிழைகளும் பிடிபடும். தட்டச்சுப் பொறியிலும், அதைப் பின்பற்றி வந்த பழைய எழுத்துருக்களிலும் ஔகாரக் குறிக்குத் தனி விசை தேவைப்படவில்லை. ளகரத்தின் வடிவமே அதற்கும் பயன்பட்டது. தாளில் அச்சாகிவிட்டால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. அந்தப் பழக்கத்தோடு பட்டியலை உள்ளிட்டவர்களும், பழைய எழுத்துருவிலிருந்து இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிய நிரல்களும் அதை ளகரமாகவே விட்டுவிட்டார்கள். பௌத்தம், கௌதமன், சௌந்தரராசன், மௌனி, பௌர்ணமி எல்லாம் இந்த வலையில் விழும் சொற்கள். 'பௌத்தம்' என்று தேடிக் கிடைத்த நூல்களோடு நின்றுவிடாமல், பகரத்தோடு எகரக் கொம்பும் தனி ளகரமும் சேர்த்து 'பெளத்தம்' என்றும் ஒருமுறை தேடுங்கள். ஒரு பாடத்துக்கான நூல்கள் இரண்டு குவியலாகப் பிரிந்து கிடப்பதை அங்கேயே பார்ப்பீர்கள்.

ஒகர, ஓகாரக் கொம்புகளிலும் இதே சிக்கல் உண்டு. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்கொம்பு, பின்கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் நூலகத்தின் தேடுபொறிக்கு அதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். கோஹாவில் தேடலுக்கான அட்டவணையை ஐசியு என்ற விதித் தொகுப்போடு அமைத்து, முழுப் பட்டியலையும் மறுபடி அட்டவணையிட்டால் இது தீரும். உங்கள் நூலகரிடம் இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள், அவருக்குப் புரியும். ஔகாரப் பிழை அதனால் தீராது. 'ஒள' என்பது எழுத்தளவில் முறையான வேறு சொல்லாகிவிட்டதால் அதைப் பதிவுகளிலேயே திருத்தியாக வேண்டும். 'ஸ்ரீ' எழுத்தும் அப்படித்தான். அதன் முதலெழுத்தாக ஸகரத்தைக் கொண்ட வடிவம் ஒன்று, யூனிகோடில் பின்னால் சேர்ந்த ஶகரத்தைக் கொண்ட வடிவம் ஒன்று. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் பற்றித் தேடும்போது ஊர்ப்பெயரின் பின்பாதியை மட்டும் அடிப்பது பிழைக்கும் வழி.

பிடிஎஃப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ சொல்லைப் படியெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகள் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். சொல் சரியாக இருந்தும் முடிவு பூச்சியமாகும். கையால் அடிப்பதே பத்திரம்.

அடுத்தது நீங்கள் மற்றத் துறையினரைவிட எளிதில் கைக்கொள்ளக்கூடிய ஒன்று. தேடும் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 'கோயில்*' என்று போட்டால் 'கோயில்', 'கோயில்கள்' வரும்; 'கோயிலின்', 'கோயிலும்' பெரும்பாலும் வராது. லகரத்தின் மேலுள்ள புள்ளியும் கணினிக்கு ஒரு தனிக் குறி. 'கோயிலின்' என்பதில் புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் குறி உட்கார்ந்துவிட்டது. ஆகவே புள்ளியை எடுத்துவிட்டு 'கோயில*' என்று போட வேண்டும். குற்றியலுகரத்துக்கும் இதே கணக்கு. 'புறநானூறு' வேற்றுமையில் 'புறநானூற்று' ஆகும், ஒற்று இரட்டிக்கும். 'புறநானூற*' என்று உகரத்தை விட்டுவிட்டுப் போட்டால் இரண்டும் சிக்கும். 'காடு', 'காட்டு' இரண்டுக்கும் 'காட*'. மகர ஈற்றுச் சொல்லில் மகரத்தையே விட்டுவிடுங்கள்: 'இலக்கிய*' என்றால் இலக்கியம், இலக்கியத்தில், இலக்கியமும் எல்லாம் வரும். வகுப்பில் நீங்கள் நடத்தும் புணர்ச்சி விதியேதான் இங்கே தேடல் விதி. 'கோயில்', 'கோவில்' என்ற இரட்டை வழக்குக்கு மட்டும் இருமுறை தேடத்தான் வேண்டும்.

ஆசிரியர் பெயர்களில் கொஞ்சம் பொறுமை வேண்டும். உ. வே. சாமிநாதையர் ஒருவரே சாமிநாதய்யர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், உ.வே.சா. என்று பல பெயரில் பதிவாகியிருப்பார். தலைப்பெழுத்தை விட்டுவிட்டு 'சாமிநாத*' என்று ஆசிரியர் புலத்தில் மட்டும் தேடுங்கள். நிலையான தீர்வு நூலகத்தின் கையில் இருக்கிறது. பெயர் அதிகாரப் பதிவு என்று ஒன்று உண்டு; ஒரு வடிவத்தைத் தலைப்பாக்கி மற்ற வடிவங்களை அதன்கீழ் கோத்துவிட்டால், எப்படித் தேடினாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எந்த வடிவம் தலைப்பாக வேண்டும், எந்தப் பெயர்கள் ஒருவரையே குறிக்கும் என்று சொல்ல நூலகத்துக்குத் தமிழறிந்த ஒருவர் தேவை. அந்த ஒருவர் நீங்கள்தான்.

சிகாகோ பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் நூலகம் போன்ற வெளிநாட்டுப் பட்டியல்களில் தேடினால் இன்னொரு தடுப்பு வரும். அங்கே தமிழ்த் தலைப்புகள் உரோமன் எழுத்தில் ஒரு முறைப்படி பதிவாகியிருக்கும். சகரத்துக்கு 'எஸ்' கிடையாது, 'சி' என்ற மூன்றாம் எழுத்துதான். தகரத்துக்கு இருபதாம் எழுத்தான 'டி' மட்டும். பின்னால் 'எச்' சேர்க்கமாட்டார்கள். இடையில் மெல்லொலித்தாலும் பகரத்துக்குப் 'பி' என்ற வல்லெழுத்து. அதாவது ஆங்கில அகரவரிசையில் பதினாறாவது. ழகரத்துக்கு 'இசட் எச்' இல்லை; அடிக்கோடிட்ட 'எல்'. சிலப்பதிகாரத்தை நாளிதழில் எழுதுவதுபோல் 'எஸ்' போட்டுத் தேடினால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பும் ஆங்கில ஆய்வும்தான் வரும். தமிழ்ப் பதிப்புகள் 'சி' வரிசையில் இருக்கும். மேலே கீழே வரும் கோடுகளை அடிக்காவிட்டாலும் பெரும்பாலான பட்டியல்கள் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது உங்கள் நேர்க்கேள்வி: வருமா? வரும். மூன்று மணி நேரப் பயிற்சி மனதில் நிற்காததற்கு வயதைக் குறை சொல்லாதீர்கள். அறுபது பேருக்கு ஒரே திரையில், வேறு யாருக்கோ வேண்டிய எடுத்துக்காட்டை வைத்துக் காட்டியது யாருக்குமே நிற்காது. சொந்த வேலையில் கைபட்டது மட்டும்தான் நிற்கும். உதவி நூலகர் ஒருவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குப் பின், காலை வேளையில் போங்கள். போகும்போது அடையாள அட்டை, ஒருமுறைக் கடவுஎண் வரும் கைப்பேசி, அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்துக்கு வேண்டிய நூல் ஒன்று, கட்டுரை ஒன்று என எழுதி எடுத்துச் செல்லுங்கள். சுட்டி உங்கள் கையில் இருக்கட்டும். அவர் சொல்லட்டும், நீங்கள் சொடுக்குங்கள். ஒவ்வொரு படியையும் உங்கள் சொல்லில், தமிழில், ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அன்றே ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை தனியாகச் செய்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை போதும். முதல் வாரம் பட்டியல், இரண்டாம் வாரம் வீட்டிலிருந்து கட்டுரை எடுப்பது. மற்றவை பிறகு.

வீட்டில் விலை கேட்பதற்குக் காரணம் எளிது. வளாகத்துக்குள் பல்கலைக்கழக வலையமைப்பின் முகவரியைப் பார்த்துப் பதிப்பகம் கதவைத் திறக்கிறது. வீட்டில் உங்களை அதற்கு அடையாளம் தெரியாது. வளாகத்தில் உட்கார்ந்திருந்தாலும் கைப்பேசியின் சொந்த இணையத்தில் திறந்தால் இதே கதிதான். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற நடுவண் அரசுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் அடக்கம். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. டாலர் கேட்கும் பக்கத்தைப் பார்த்து அட்டையை எடுக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற நுழைவு அமைப்பில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று நூலகத்தில் கேளுங்கள். நூலகம் ஒப்புதல் கொடுத்தால்தான் அது உயிர்பெறும். கணக்கு கிடைத்ததும், வீட்டில் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, விலைக்குப் பக்கத்திலோ மேல்மூலையிலோ 'ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிட்யூஷன்' என்ற பொத்தானைத் தேடுங்கள். சில பதிப்பகங்கள் முதலில் கூட்டமைப்பின் பெயரைக் கேட்கும். அங்கே இன்ஃபெட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பல்கலைக்கழகத்தின் பெயர். முழுப் பெயரையும் அடித்தால் எழுத்துக்கூட்டல் மாறி வராமல் போகலாம். ஊர்ப்பெயரையோ தலைவர் பெயரில் ஒரு பாதியையோ அடித்துப் பட்டியலிலிருந்து எடுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்ததும் அதே கட்டுரைப் பக்கத்துக்குத் திரும்பும். விலை இருந்த இடத்தில் பிடிஎஃப் பொத்தான் இருக்கும்.

சிக்குவது எங்கே? கடவுச்சொல் கேட்கும் பக்கத்தையே புக்மார்க் செய்து வைப்பார்கள். மறுநாள் அதிலிருந்து நுழைந்தால் 'ஸ்டேல் ரிக்வெஸ்ட்' என்று பிழை வரும். அந்தப் பக்கம் ஒரு தடவைக்கு மட்டும் பிறக்கும் பக்கம். பின்னோக்கிய அம்பை அழுத்தினாலும் இதேதான். எப்போதும் கட்டுரைப் பக்கத்திலிருந்தோ நூலக முகப்பிலிருந்தோ தொடங்குங்கள். உலாவியின் மறைநிலைச் சாளரத்திலும், குக்கீகளைத் தடுத்திருந்தாலும் நுழைவு பாதியில் அறுந்து சுற்றிக்கொண்டே இருக்கும். மாணவர்களுக்கு இணைப்பு அனுப்பும்போது முகவரிப் பட்டையில் இருப்பதைப் படியெடுக்காதீர்கள். உங்கள் நுழைவு முடிந்ததும் அது செத்துப்போகலாம். கட்டுரையின் டிஓஐ எண்ணை அனுப்புங்கள். '10.' என்று தொடங்கும், நடுவில் ஒரு சாய்கோடு இருக்கும். அது மாறாது. பிடிஎஃப்பையே குழுவில் போடுவதைவிட இது நல்லது. மாணவர் தம் கணக்கில் நுழைந்து எடுப்பார், அந்தப் பயன்பாடு நூலகத்தின் கணக்கில் ஏறும். அடுத்த சந்தா பேசும்போது நூலகரின் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அந்த எண்ணிக்கைதான்.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றே மாற்றுங்கள். உங்கள் மாணவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சந்தா ஒப்பந்தங்கள் மொத்தமாக இறக்குவதைத் தடுக்கின்றன. ஓர் இதழின் பத்து ஆண்டுக் கட்டுரைகளை ஒரு நிரலை வைத்து ஒரே இரவில் இறக்கினால், பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டாகக் கணித்து, முழுப் பல்கலைக்கழகத்துக்கும் கதவை அடைத்துவிடக்கூடும். விசாரணையில் நிற்பது கணக்கின் பெயர். அது உங்கள் பெயராக இருக்கும். ஆய்வு மாணவருக்கும் தனிக் கணக்குக்கு வழியுண்டு. அவரை நூலகத்துக்கு அனுப்பி வாங்கச் சொல்லுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய உதவி வேறு: பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் செய்வதைப் பார்க்கட்டும்.

ஒப்புமை 38 விழுக்காடு பற்றி. அந்த எண்ணை மட்டும் பார்த்து மாணவியைக் கடிந்துகொள்ள வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை. திருத்திய ஆய்வேட்டை ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தர முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும். ஆனால் எதை எண்ணக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன: உரிய சான்றோடு தரப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள். தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்குத் தொடர்ந்து பதினான்கு சொல் வரை விலக்கு உண்டு.

சங்க இலக்கிய ஆய்வேட்டில் நடப்பது என்னவென்றால், பாடலடிகளை உள்தள்ளி, சாய்வெழுத்தில், மேற்கோள் குறி இல்லாமல் போடுவது நம் மரபு. மென்பொருளுக்கு உள்தள்ளல் எப்போதும் பிடிபடாது; இரட்டை மேற்கோள் குறி தெரியும். குறுந்தொகைப் பாடல் ஐம்பது இருந்தால், இணையத்திலுள்ள மூலபாடப் பக்கங்களோடு ஐம்பதும் ஒத்துப்போகும், எண் ஏறும். அறிக்கையின் கடைசியிலுள்ள மூலப் பட்டியலைத் திறந்து, எந்த மூலத்தோடு எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூலபாடத் தளங்களோடு ஒத்தது ஒரு வகை. முந்தைய ஆய்வேடுகளோடு, குறிப்பாக இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியுள்ளவற்றோடு, உரைநடைப் பத்தி பத்தியாக ஒத்தது வேறு வகை. இரண்டாவதைத்தான் மாணவியோடு உட்கார்ந்து பேச வேண்டும். பாடலடிகளுக்கு மேற்கோள் குறியும் பாடல் எண்ணும் பதிப்பும் சேர்த்து, மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் விலக்கி மறுபடி சோதிக்கும்படி நூலகத்தில் எழுத்தில் கேளுங்கள். எதை விலக்கினோம் என்பதையும் கோப்பில் எழுதிவையுங்கள். இன்னொன்று: ஆய்வேடு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மென்பொருள் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் படிக்கும், ஒப்புமையும் பூச்சியத்துக்கு அருகில் வரும். அந்தப் பூச்சியத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றிய படிக்கு மட்டுமே அறிக்கைக்கு மதிப்பு.

மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு வாங்கிவரும் துணைநூற்பட்டியலையும் இதோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வையுங்கள். இல்லாத கட்டுரைக்கு உண்மையான இதழின் பெயரும் பொருத்தமான பக்க எண்ணும் கொடுத்துவிடும். டிஓஐ எண்ணை டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் இட்டுப் பாருங்கள். திறக்கும் கட்டுரையின் தலைப்பு அதுதானா என்றும் பாருங்கள். எண் இல்லாத தமிழ்க் கட்டுரையானால் இதழ்த் தொகுதியை நூலகத்தில் கண்ணால் காணாமல் ஏற்க வேண்டாம்.

நூல் எடுக்கும் இயந்திரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி வில்லையை அது வானலையில் படிக்கிறது. மெல்லிய நூல்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வில்லைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும், ஒன்று விடுபடும். இரண்டு மூன்றாக வையுங்கள். திரையில் தெரியும் எண்ணிக்கை கையிலிருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப்போனதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். பளபளக்கும் உலோகப் பூச்சு அட்டையுள்ள நூலை இயந்திரம் படிக்காமல் போகலாம், மேசைக்குக் கொண்டுபோங்கள். வாசலில் மணி அடித்தால் ஒரு நூல் பதிவாகவில்லை என்றுதான் பொருள். கூச்சப்பட ஒன்றுமில்லை, திரும்பிப் போய்ப் பதியுங்கள்.

துணைநூற்பட்டியலைச் சேமிக்கும் ஜோட்டெரோ மென்பொருளை இந்தப் பருவத்தில் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டியலும் வீட்டிலிருந்து கட்டுரை எடுப்பதும் கைவந்த பிறகு பாருங்கள். அப்போது இரண்டு செய்தி உதவும். இலவசக் கணக்கில் 300 மெகாபைட் கோப்புகள்தான் அடங்கும். வருடிய தமிழ் நூல் ஒன்றிரண்டே அதை நிரப்பிவிடும். ஆகவே பிடிஎஃப்பைச் சொந்தக் கணினியில் வைத்து நூல் விவரங்களை மட்டும் ஒத்திசையுங்கள். ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். இளங்கோவடிகள், தொல்காப்பியர் போன்ற ஒற்றைப் பெயர்களுக்குப் பக்கத்திலுள்ள சிறு குறியைச் சொடுக்கி ஒற்றைக் கட்டமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் பெயரோடு காற்புள்ளி தொங்கும்.

தமிழ்த்துறைக்கு மேலே சொன்ன ஆங்கில ஆய்விதழ்களைவிட அன்றாடம் கைகொடுப்பவை வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் திட்டம், பழைய அச்சு நூல்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இவற்றை உங்கள் நூலக முகப்பில் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கும்படி கேளுங்கள். வருடிய பிடிஎஃப்புக்குள் சொல் தேடினால் கிடைக்காது, அது படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் பழைய அச்சில் பிழை நிறைய விழும். குறிப்பாகக் காலும் ரகரமும், ளகரமும் ஔகாரக் குறியும் ஒன்றுக்கொன்று மாறும். மேற்கோள் எடுக்கும்போது படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே எடுங்கள்.

ஓய்வுக்கு ஆறு ஆண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மாதம் ஒரு மணி நேரத்தைப் பட்டியலுக்குக் கொடுக்க முடிந்தால் நூலகத்துக்குப் பெரிய கொடை. தேடும்போது கண்ணில் படும் பிழையை அப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். 'பட்டியலில் பிழை இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு செய்தி வேண்டும்: நூலின் சேர்க்கை எண், பதிவில் இப்போது இருக்கும் வடிவம், இருக்க வேண்டிய வடிவம், எந்தச் சொல்லை அடித்தபோது கிடைக்கவில்லை என்பது. 'ஒளவை' என்று தேடி வரும் பட்டியலை முதல் தாளாகக் கொடுங்கள், 'பெளத்தம்' இரண்டாவது. ஒரே வகைப் பிழை என்பதால் அவற்றை மொத்தமாகத் திருத்தும் வசதி கோஹாவிலேயே இருக்கிறது. திருத்திய மறுநாள் 'ஔவையார்' என்று ஒற்றை ஔகாரத்தில் மறுபடி தேடிப் பாருங்கள்.